வீடு இருக்க வண்டியில் படுத்தோம்

என் கணவர் பதினோரு வருஷம் லாரியில் படுத்துத் தூங்கியவர். போர்வெல் போடும் ரிக் வண்டியில் மேனேஜர் வேலை. திருச்செங்கோட்டுப் பக்கம் இது பெரிய அதிசயமில்லை. தெருவுக்கு நாலு பேர் இப்படி வடக்கே போய், யாரோ ஒருவருடைய காட்டில் தண்ணீர் தேடிக்கொண்டிருப்பார்கள். ரிக் லாரி ஒன்று, குழாய் ஏற்றிய லாரி ஒன்று, பத்துப் பன்னிரண்டு ஆட்கள். சமையல், குளியல், தூக்கம், சண்டை எல்லாம் அந்த இரண்டு வண்டிகளைச் சுற்றித்தான். வருஷத்துக்கு இரண்டு முறை ஊருக்கு வருவார். வந்த அன்று கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "ஆடாம இருக்குது பாரு" என்பார்.

சின்னவன் பிறந்து ஒரு வருஷம் கழித்து அந்த வேலையை விட்டுவிட்டு, ஊரோடு வந்து மோட்டாரும் குழாயும் விற்கிற கடை வைத்தார். இனிமேல் என் காலம் முடிகிற வரைக்கும் வீட்டில்தான் படுப்பேன் என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னார். அப்படிப்பட்ட மனிதரிடம் போய், ஒரு வண்டி வாங்கி, அதற்குள் படுக்கை போட்டு, பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாமா என்று கேட்டவள் நான்.

நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். மதியம் சாப்பிடும்போது போனில் ஏதாவது பார்ப்பேன். அதில் ஏதோ ஒரு குளிர் நாட்டுக் குடும்பம் வேனுக்குள்ளேயே வாழ்ந்துகொண்டிருந்தது. காலையில் பின்கதவைத் திறந்தால் ஏரி. ஏரியைப் பார்த்தபடி இரண்டு குழந்தைகள் சத்தமில்லாமல் பால் குடித்தன. ஏரியை விட அந்தச் சத்தமின்மைதான் என்னைச் சாய்த்தது. என் பெண்ணுக்கு அப்போது எட்டு வயது, பையனுக்கு நாலு. இரண்டு பேரும் சத்தமில்லாமல் பால் குடித்து நான் கண்டதில்லை. இடம்தான் சரியில்லை, ஒரு ஏரி இருந்தால் குடித்துவிடுவார்கள் என்று நம்பினேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் எங்கேயும் சேர்ந்து போனதில்லை. அவர் வந்தால் பத்து நாள் இருப்பார். அந்தப் பத்து நாளில் இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு துக்க வீடு. ஊரோடு வந்த பிறகு கடை பிடித்துக்கொண்டது. ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் இருந்தோம். நாலு பேரையும் தப்பித்துப் போக முடியாத ஒரு சின்ன இடத்தில் போட்டு அடைத்தால் குடும்பமாகிவிடுவோம் என்று எனக்குத் தோன்றியது.

அவர் வீடியோவைக் கடைசி வரை பொறுமையாகப் பார்த்தார்.

"பாவம், இவங்களுக்கு ஊடு அமையலயாட்ட இருக்குது" என்றார்.

"ஊடெல்லாம் இருக்குதுங்க. சந்தோஷத்துக்குப் போறாங்க."

"வண்டியில படுக்கறதுல என்ன சந்தோஷம்? நானும் பதினோரு வருஷம் தேடிப் பாத்தேன்."

ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பழைய வேனை விற்கப் போவதாகச் சொன்னபோது, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று வந்தார். எஞ்சினைத் திறந்ததும் முகம் மாறிவிட்டது. குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பது போல அங்கங்கே தொட்டுப் பார்த்தார். வேன் எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அதை நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். கணக்கு டீச்சர் என்பதால் கோடு போட்டு, அளவு குறித்து, படுக்கை எங்கே, அடுப்பு எங்கே, மடக்கு மேஜை எங்கே என்று நாலு பக்கம் வரைந்து எடுத்துப் போயிருந்தேன். பட்டறை மேஸ்திரி அறுபது வயதுக்காரர். வாழ்நாளெல்லாம் லாரிதான் கட்டியிருக்கிறார். என் படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

"அம்மிணி, இது எத்தன டன் தாங்கோணுமுங்க?"

"டன்னெல்லாம் இல்லீங்கண்ணா. நாங்க நாலு பேருதான். அதுலயும் ரெண்டு குழந்தைங்க."

"குழந்தைங்கதானுங்க வெயிட்டு" என்றார். "நெல்லு மூட்ட குதிக்காது பாருங்க."

அந்த ஒரு கொள்கையின் மேல் அவர் எங்கள் வண்டியைக் கட்டினார். படுக்கைக்கு இரும்புச் சட்டம், மேஜைக்கு இரும்புக் கால், ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. வீடியோவில் அந்தக் குடும்பத்தின் மேஜை ஒரு விரலால் தட்டினால் மடங்கும். எங்கள் மேஜையை மடக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் 'ம்' என்று குரல் கொடுக்க வேண்டும். பெயிண்ட் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மயில், கிளி, தாமரை எதுவும் வேண்டாம், வெறும் வெள்ளை போதும் என்றேன். பெயிண்டருக்கு மனசே ஆறவில்லை. நாங்கள் வண்டியை எடுக்கப் போன அன்று, வெள்ளையின் நடுவில் சுற்றிலும் ஒரு சிவப்புப் பட்டை ஓடியது. முன்கண்ணாடிக்கு மேல் குலதெய்வத்தின் பேரும் இரண்டு பிள்ளைகளின் பேரும் இருந்தன.

"மொட்டையா உட மனசு வரலீங்க" என்றார் பெயிண்டர். "ஒரு கோடுதானே."

அந்த ஒரு கோட்டின் பலன் முதல் பயணத்திலேயே தெரிந்தது.

முதல் பயணம் ஜேடர்பாளையத்துக்கு. வெள்ளோட்டம்தானே, காவிரிக்கரையாகவும் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம். "மொபெட்ல போயி மீன் தின்னுட்டு மத்தியானத்துக்குத் திரும்பிரலாமே" என்றார் மாமனார். அந்த முக்கால் மணி நேரப் பயணத்துக்கு நாங்கள் மூன்று நாள் மூட்டை கட்டினோம். குழந்தைகள் வண்டி கிளம்பிய பத்தாவது நிமிடம் கொண்டுவந்த முறுக்கையெல்லாம் தின்று முடித்து, "வந்துருச்சா?" என்று கேட்டார்கள்.

தடுப்பணைக்குப் பக்கத்தில், பூங்காவைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினோம். அவர் டயரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையனுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் வண்டியின் பின்கதவுக்கு முன்னால் ஆறேழு பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். முன்னால் இருந்த அம்மாள் கையில் மருந்துச் சீட்டு. என் பெண் பின்படியில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். தாளில் கோடு போட்டு மூன்று பத்திகள் பிரித்திருந்தாள்: பேர், வயசு, எங்கே வலி.

"என்ன பண்ற கண்ணு?"

"அவங்கதாம்மா எழுதச் சொன்னாங்க."

வெள்ளை வண்டி, சிவப்புப் பட்டை, உள்ளே படுக்கை. மருத்துவ முகாம் என்று யாரும் சந்தேகமே படவில்லை. நான் இறங்கி, கைகூப்பி, நாங்கள் டாக்டர் இல்லை என்று சொன்னேன். சிலர் போய்விட்டார்கள். முழங்கால் வலிக்கு வந்திருந்த ஒரு பெரியவர் மட்டும் போகவில்லை. அவருக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும்.

"அப்பறம் எதுக்குங்க உள்ள படுக்க போட்டிருக்குது?"

"படுக்கறதுக்குங்க."

"யாரு படுக்கறதுக்கு?"

"நாங்கதானுங்க."

"உங்களுக்கு ஊடு இல்லீங்களா?"

"இருக்குதுங்க."

"ஒழுகுதுங்களா?"

"இல்லீங்க. ஓட்டு ஊடு இல்ல, காங்கிரீட்டு போட்ட தார்ஸ் ஊடுதானுங்க."

"பின்னே?"

இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லிக் கொடுத்தவள் நான். அந்தப் 'பின்னே'வுக்கு, பையனுக்குப் பொத்தான் போட வேண்டும் என்று சொல்லி உள்ளே ஏறிக்கொண்டேன். என் கணவர் டயருக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

பக்கத்தில் மீன் வறுத்து விற்கிற அக்கா ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்ததும், வாழையிலையில் நாலு துண்டு மீனை வைத்துக்கொண்டு வந்தார். குரலைத் தாழ்த்தி என்னிடம், "கோவிச்சுட்டு வந்துட்டீங்களா சாமி? பங்காளித் தகராறா?" என்றார். இல்லை என்றேன். "சும்மா சொல்லு சாமி. கொழந்தைங்கள வெச்சுக்கிட்டு வண்டியில எத்தன நாளைக்கு இருப்பீங்க? எந்த ஊரு, யாரு ஊடுன்னு சொல்லு. நான் ஆளு உட்டுப் பேசறேன்."

ஊர்ப் பேரைச் சொன்னதுதான் தப்பு. அடுத்த கேள்வியில் மாமனார் யாரென்று தெரிந்துகொண்டார். அதற்கடுத்த கேள்வியில், என் கணவருக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் அரை மைலில் இருப்பது எங்களுக்கே தெரியவந்தது. நாங்கள் மீனைத் தின்று கை கழுவுவதற்குள் சித்தப்பா மொபெட்டில் வந்து இறங்கினார். கோபத்தில் மூச்சு வாங்கியது.

"என்ற ஊடு இத்தாச்சோடு பெருசா இருக்கையில நீ ரோட்டோரம் படுத்தீன்னா, நாளைக்கு நான் ஊருக்குள்ள தல நிமுந்து நடக்கறதா வேண்டாமா?"

"சித்தப்பா, இது சும்மா, குழந்தைங்க சந்தோஷத்துக்கு…"

"குழந்தைங்க என்ற ஊட்டுக்கு வந்தா சந்தோஷப்படாதா?"

அன்று இரவு நாங்கள் சித்தப்பா வீட்டில், புதுப் பாய் விரித்து, மின்விசிறிக்குக் கீழே படுத்தோம். கோழி அடித்துப் போட்டார்கள். எங்கள் வண்டி வாசலில் தனியாக நின்றது. என் கணவர் கல்யாணத்துக்குப் பிறகு இவ்வளவு நிம்மதியாகத் தூங்கி நான் பார்த்ததில்லை.

அடுத்தடுத்த பயணங்களும் இப்படியேதான் போயின. எந்தத் திசையில் போனாலும் ஒரு மாமா இருந்தார், ஒரு அத்தை இருந்தார், இல்லாவிட்டால் கடைக்குக் குழாய் வாங்க வருகிற ஒருவர் இருந்தார். வண்டியை நிறுத்தினால் அரை மணியில் யாராவது வந்து எங்களைக் காப்பாற்றிவிடுவார்கள். நாலு பயணம் போய்விட்டு வந்தும் அந்த இரும்புப் படுக்கையில் ஒரு இரவுகூடப் படுக்கவில்லை.

காலாண்டு விடுமுறைக்கு நான் வரைபடத்தை எடுத்து உட்கார்ந்தேன். சொந்தக்காரர்கள் இருக்கிற ஊர்களையெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டேன். மேற்கே இடமே மிச்சமில்லை. கிழக்கே போகப் போக வட்டம் குறைந்தது. ஆத்தூர்ப் பக்கம் ஒன்றுமே இல்லை. போன் வரைபடத்தில் அங்கே நீல நிறத்தில் ஒரு ஏரிகூடத் தெரிந்தது.

"அங்க நமக்கு ஒருத்தரையும் தெரியாதே" என்றார் அவர்.

"அதுக்குத்தானுங்க போறோம்."

"சரி. ஒருத்தரையும் தெரியாத ஊருன்னா எனக்குப் பழக்கம்தான்."

சேலம் மேம்பாலத்தில் எங்கள் வண்டி ஏறிய வேகத்துக்கு, பின்னால் சிமெண்ட் லோடு லாரி ஒன்று ஹாரன் அடித்து அடித்துச் சலித்துப் போயிற்று. மேஸ்திரியின் இரும்பு அப்படி. மதியம் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். நீல நிறம் போனில் மட்டும்தான் இருந்தது. நேரில் சீமைக்கருவேலம், நடுவில் மூன்று ஆட்டு மந்தை, ஓரத்தில் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட். நான் பின்கதவைத் திறந்து வைத்து, பாலைக் காய்ச்சி, இரண்டு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். பையன் டம்ளரோடு ஆட்டைத் துரத்திக்கொண்டு ஓடினான். பெண், "இதுதான் நீங்க சொன்ன ஏரியா?" என்று கேட்டாள். அவர் மிச்சப் பாலைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவினார்.

அங்கே நிழல் இல்லாததால், இன்னும் கொஞ்ச தூரம் போய் ஒரு ஜவ்வரிசி ஆலையின் வளாகத்தில் நிறுத்த இடம் கேட்டோம். ஆலை மேற்பார்வையாளர் வண்டியைச் சுற்றி வந்தார்.

"கேரவனா சார்? எதுனா ஷூட்டிங்கா? யாரு ஆக்டரு?"

"நான்தான்" என்றான் என் பையன்.

அதை அவர் ரசித்தார். களத்து ஓரமாக நிறுத்திக்கொள்ளச் சொன்னார். பெரிய சிமெண்ட் களம். முழுக்க வெள்ளை வெளேரென்று ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தது. மரவள்ளிக் கிழங்குத் தண்ணீர் புளித்த வாடை காற்றில் நின்றது. நான் கனவு கண்ட இடத்தில் இப்படி ஒரு வாடை இல்லை. குழந்தைகளோ, உலகத்திலேயே இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது போல அந்த வெள்ளை வெளியின் ஓரத்தில் ஓடினார்கள்.

நாலு மணிக்கு வானம் திடீரென்று கறுத்தது. ஆலையில் எல்லோரும் கத்திக்கொண்டு களத்துக்கு ஓடிவந்தார்கள். ஜவ்வரிசியைக் குவித்துத் தார்ப்பாய் போட வேண்டும். வேடிக்கை பார்க்க முடியவில்லை. நாங்களும் இறங்கினோம். நான் பலகையால் இழுத்தேன். பெண் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள். பையன் இரண்டு கையாலும் அள்ளிக் குவியலில் போட்டான், பாதியைச் சட்டைப் பையில் போட்டான். தார்ப்பாய் இழுக்க இடம் வேண்டுமென்று அவர் வண்டியைக் களத்தை விட்டு மண்ணில் இறக்கினார். கடைசித் தார்ப்பாய் விழுந்தபோது மழையும் விழுந்தது. அரை மணியில் எங்கள் வண்டியின் பின்சக்கரம் இரண்டும் அச்சு வரை சேற்றுக்குள் போய்விட்டன. காலையில் டிராக்டர் வரும் என்று சொல்லிவிட்டு ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

கடைசியில் என் ஆசை நிறைவேறியது. நாலு பேர், ஒரு சின்ன இடம், தப்பித்துப் போக வழியில்லை.

கூரை ஒழுகியது. மேலே சாமான் வைக்கச் சட்டம் அடித்த இடத்தில் ஆணி வழியாகத் தண்ணீர் இறங்கி, நேராகப் படுக்கையில் சொட்டியது. குழந்தைகள் நனைந்திருந்தார்கள், பசி வேறு. நான் பாஸ்தா செய்வதாகத் திட்டம் போட்டு எல்லாம் கொண்டுவந்திருந்தேன். அடுப்பு பற்றவில்லை. பற்றினால் காற்றில் அணைந்தது. மூன்றாவது முறை பாத்திரம் சரிந்து சுடுதண்ணீர் தரையில் கொட்டியது. நல்லவேளை, யார் காலிலும் படவில்லை. பையன் அழ ஆரம்பித்தான்.

அதுவரை அவர் முன்சீட்டில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார்.

"நீ அப்படிப் போயி உக்காரு" என்றார்.

பிறகு நடந்ததை நான் ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். வெளியே போய் ஆலைக் காவல்காரரிடம் பழைய தார்ப்பாய் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கூரை மேல் போட்டு, நாலு மூலையையும் ஏதோ ஒரு முடிச்சில் இழுத்துக் கட்டினார். ஒழுகல் நின்றது. காற்று வருகிற பக்கத்து ஜன்னலை மூடி, எதிர்ப்பக்கத்தை இரண்டு விரல் திறந்தார். வரும்போது கையோடு எடுத்து வந்த மூன்று செங்கல்லை அடுப்பைச் சுற்றி வைத்தார். தீ ஆடாமல் எரிந்தது. குழந்தைகளின் ஈரத்துணியை எஞ்சின் மூடி மேல் விரித்தார். ஒரே பாத்திரத்தில் வெங்காயம், தக்காளி, அரிசி, கொஞ்சம் மிளகாய்த்தூள். மூடியின் மேல் ஒரு கல்லை வைத்தார். எந்தச் சாமானையும் தேடவில்லை. நான் அடுக்கிய சமையல் டப்பாக்களை என்னைவிட அவர் கைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பெண் அவர் முதுகில் சாய்ந்தபடி கேட்டாள். "உங்களுக்கு எப்படிப்பா இதெல்லாம் தெரியும்?"

"அப்பா இப்படித்தான கண்ணு இருந்தேன்."

"தெனமுமா?"

"மழைல தெனமும். வெயில்ல வண்டிக்கு அடியில படுத்துக்குவோம்."

நான் கல்யாணமான நாளிலிருந்து போனில் கேட்டது ஒரே பதில்தான்: 'நல்லாருக்கேன், சாப்ட்டாச்சு, வெச்சுரட்டுமா.' அந்த நல்லாருக்கேன் என்பது இந்த மாதிரி ஒரு தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து சொன்னது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை.

சோறு வேகிற நேரத்தில் அவர் குழந்தைகளுக்குக் கதை போலச் சொன்னார். "நீ பொறந்த அன்னைக்கும் இதே மாதிரிதான் சாமி. மூணு நாளா மழ. ஒரு காட்டுக்குள்ள வண்டி பொதஞ்சு நிக்குது. கீழ எங்கயும் சிக்னல் இல்ல. ரிக்கோட உச்சியில ஏறுனா ஒரு கோடு கெடைக்கும். இடி இடிக்குது. நான் ஏறிட்டேன். கீழருந்து அத்தன பேரும் எறங்கு எறங்குன்னு கத்தறானுங்க. போன்ல 'பொண்ணு'ன்னாங்க. அவ்வளவுதான் கேட்டுது. கட்டாயிருச்சு."

எட்டு வருஷமாக எங்கள் வீட்டுச் சண்டைகளில் நான் எடுத்து வீசிய ஆயுதம் அந்தப் போன். 'பொண்ணுன்னதும் போனை வெச்ச ஆளுதான நீங்க.' அவர் ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை.

"ஏங்க, இத ஏன் எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"சொன்னா நீ பயந்துக்குவ. அப்பறம் அடுத்த தடவ ஏற உடமாட்ட."

அந்தச் சோற்றுக்குப் பேர் கிடையாது. குழந்தைகள் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பாத்திரத்தை வழித்தார்கள். அவர்கள் தூங்கிய பிறகு நான் மெதுவாகச் சொன்னேன். "உங்களுக்கு வேண்டாம்னா இந்த வண்டிய வித்துரலாமுங்க. நீங்க வேண்டாம்னு உட்டுட்டு வந்ததையே நான் மறுக்கா வாங்கிக் குடுத்துட்டேன்."

அவர் யோசித்தார். "அப்பப் பக்கத்துல படுக்கறவன் கொறட்ட உடுவான். இப்ப நீ உடற. மத்தபடி வித்தியாசமில்ல" என்றார். பிறகு, "விக்க வேண்டாம், இருக்கட்டும்" என்றார்.

காலையில் டிராக்டர் வந்து இழுத்தது. மேற்பார்வையாளர் பதறிப்போனார். "என்னா சார் இது, ராத்திரி பூரா இங்கியேவா இருந்தீங்க? ஆபீஸ் ரூம்ல வந்து படுத்திருக்கலாம்ல, ஃபேன் இருக்குது, கட்டில் இருக்குது!" ஒரு பை ஜவ்வரிசி கொடுத்தார். பையன் தன் சட்டைப் பையிலிருந்ததையும் எடுத்து அதில் சேர்த்தான்.

அந்த மழையில் அவருக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. ஊருக்கு வந்த மறுநாளே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய், ஆணி ஓட்டையை அடைத்து, பாதி இரும்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார். அடுப்புக்கு நிரந்தரமாக ஒரு தகர மறைப்பு வந்தது. சாமான் டப்பாக்களையெல்லாம் அவர் முறைப்படி மாற்றி அடுக்கினார். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தால் போதும், வியாழக்கிழமையே டயருக்குக் காற்று பார்க்க ஆரம்பித்துவிடுவார். சொந்தக்காரர்கள் வந்து கூப்பிட்டால், "சாப்பாட்டுக்கு வாரோமுங்க, படுக்கறதுக்கு இங்க வசதியாத்தான் இருக்குது" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார். சித்தப்பா ஒரு வருஷம் எங்களோடு பேசவில்லை. பிறகு அவர் பேத்தி கல்யாணத்தில் மணப்பெண் சேலை மாற்ற மண்டபத்தில் இடமில்லை என்று வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இப்போது முகூர்த்த நாட்களில் வண்டி எங்களுக்குக் கிடைப்பதே கஷ்டம்.

எனக்குத்தான் ஆசை தீர்ந்துவிட்டது. வாரமெல்லாம் பள்ளிக்கூடத்தில் நின்றுவிட்டு வந்தால், சனிக்கிழமை ஆடாத கட்டிலில் படுத்து, கதவுள்ள குளியலறையில் குளித்தால் போதும் என்றிருக்கிறது. அதைச் சொல்ல முடியாது. ஆரம்பித்தவள் நானாயிற்றே.

போன மாதம் ராசிபுரத்துக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்கில் நின்றிருந்தோம். காரில் இரண்டு குழந்தைகளோடு வந்த ஒரு சின்ன வயதுத் தம்பதி வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் போனைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தாள். அந்தப் போனில் என்ன ஓடிக்கொண்டிருக்கும் என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்தது.

"அக்கா, நாங்களும் இப்படி ஒண்ணு கட்டலாம்னு இருக்கறோமுங்க. இவருதான் வேண்டாங்கறாரு. எப்படிங்க இருக்குது?"

"வேண்டாம் கண்ணு" என்று நான் சொன்ன அதே நொடியில், பின்னாலிருந்து அவர், "அருமையா இருக்குதுங்க, உள்ள வந்து பாருங்க" என்றார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அதற்குள் அவளுடைய இரண்டு குழந்தைகளும் என் பிள்ளைகளோடு உள்ளே ஏறிவிட்டன. படுக்கை மேல் நாலு பேர் குதிக்கிற சத்தம் கேட்டது. அவள் கணவர் கூப்பிட்டார், அதட்டினார், கடைசியில் மிட்டாய் வாங்கித் தருவதாகச் சொன்னார். யாரும் இறங்கவில்லை. என் கணவர் அவருக்கு ஜன்னலை எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அந்த மனிதரும் வேறு வழியில்லாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வண்டியைப் பங்கை விட்டு வெளியே, சாலையோர மரத்தடிக்குக் கொண்டுபோய் நிறுத்தினோம். வந்தவர்களுக்கு டீ போடலாம் என்று நான் உள்ளே ஏறினேன். டீத்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.